சுவர் என்று பேர் வாங்கியவள்

அவள் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையில் பெண்கள் அபூர்வம் என்பதால், கருவிப்பெட்டியோடு போய் நிற்கிற இடத்திலெல்லாம் "மெக்கானிக் எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் பதில் சொல்ல மாட்டாள். மொட்டை மாடிக்குப் படியேறிப் போய், கிரீஸ் வாசனையும் வெக்கையும் முட்டிக்கொண்டு நிற்கிற மோட்டார் அறைக்குள் நுழைந்து, லிஃப்டை ஓடவைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். கேட்டவர் தானாகவே ஒதுங்கி வழி விடுவார். அதுதான் அவளுடைய பதில்.

கராத்தேயிலும் அதே குணம்தான். கல்யாணத்துக்கு முன்பு, டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தப் பயிற்சிக்கூடத்தில் வெள்ளை பெல்ட்டோடு சேர்ந்தாள். இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். இடுப்பில் கறுப்பு பெல்ட், அதில் இரண்டாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டுக்குள் இரண்டாம் படி. கீழிருந்து வரும் ரப்பர் நாற்றம் அவளுடைய உடுப்பிலேயே ஊறிவிட்டது. எத்தனை துவைத்தாலும் போகாது.

சண்டைப் பயிற்சியில் அவளை யாராலும் அசைக்க முடியாது. எதிரி பாய்ந்து வரும்வரை அப்படியே நிற்பாள். வந்த கணத்தில் அரை அடி பின்வாங்குவாள். எதிரியின் கை அவளைத் தொடாமல் காற்றில் நின்றுபோகும். அவளுடைய வலது கை எதிரியின் விலாவில் இருக்கும். அவ்வளவுதான் ஆட்டம். வருஷக்கணக்காக அதே ஆட்டம். பழைய மாஸ்டர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இது பொம்பள இல்லப்பா, சுவரு" என்று சொல்லப்போக, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூட 'சுவர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

பிறகு பழைய மாஸ்டர் முழங்காலை ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். புது மாஸ்டர் வந்தார். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. நாளெல்லாம் யார் யாரோ ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாலோ என்னவோ, மாலையில் கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். அவர் அவளை 'அக்கா' என்பார். அவள் அவரை 'மாஸ்டர்' என்பாள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சங்கடம்தான்.

வந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும். எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பெல்ட்டை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாஸ்டர்."

"நீங்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் பண்றீங்க. ரொம்ப நல்லா பண்றீங்க. ஆனா ஒண்ணுதான்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அது ஒண்ணை வச்சுத்தான் இத்தனை வருஷமா ஜெயிச்சுட்டிருக்கேன்."

"ஜெயிக்கிறீங்க, இல்லேங்கல. ஆனா நீங்க அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆடுன போட்டி வீடியோவைப் பார்த்தேன். நேத்து ஆடுனதையும் பார்த்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல அக்கா."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சின்னப் பையன், இவன் யார் என்னைச் சொல்ல, என்று மனசு கொதித்தது. வாயோ "சரிங்க மாஸ்டர்" என்றது. படியிறங்கும்போது கால் தடுக்கியது. இத்தனை வருஷத்தில் அந்தப் படியில் அவள் தடுக்கியதே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது, இருப்புக் கொள்ளாத அவஸ்தை. வீட்டுக்குப் போனாள், உட்கார முடியவில்லை. சரியாகத்தான் இருந்த அலமாரிக் கதவின் திருகாணிகளைக் கழற்றி மறுபடி மாட்டினாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்திருந்த கணவர், கால்களை முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தார்.

"அந்தக் கதவு உன்னை என்ன பண்ணுச்சு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? வீட்டுலயும் நீ அதே ஆட்டம்தான் ஆடுற. சண்டைன்னு வந்தா நீயா வாயைத் திறக்கவே மாட்டே. நான் ஏதாச்சும் தப்பா உளறுற வரைக்கும் காத்திருப்பே. உளறினேனோ, போச்சு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு என்னை உலுக்கி எடுத்துருவே."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது: "அப்பா சொல்றது கரெக்ட்டும்மா!"

"நீ படிக்கிற வேலையைப் பாரு" என்று அவள் எரிந்து விழுந்தாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்துவிட்டது.

அடுத்த வாரம் அவளே மாஸ்டரிடம் போய், "சரி, என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றாள். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. பின்வாங்கக் கூடாது. எதிரி வருவதற்கு முன்னால் அவள் போக வேண்டும். ஒவ்வொரு முறையும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. எதிரே நின்றவள், பியூட்டி பார்லரில் வேலை செய்கிற பெண். பிரவுன் பெல்ட், கறுப்புக்கு முந்தினது. இவளிடம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இவள் முன்னே பாய முயன்றாள். பின்னங்கால் பாயோடு ஒட்டிக்கொண்ட மாதிரி வர மறுத்தது. கை கிளம்புவதற்கு முன்பே தோள் உயர்ந்து, இதோ அடிக்கப் போகிறேன் என்று ஊருக்கே சொல்லிவிட்டது. பார்லர் பெண் சாவகாசமாக நகர்ந்து விலாவில் ஒரு குத்து வைத்தாள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"ஐயோ அக்கா, வலிச்சிருச்சா?" என்று அந்தப் பெண் பதறிப்போய்க் கேட்டாள். குத்து வலிக்கவில்லை. கேட்டதுதான் வலித்தது.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு காலத்தில் அவளைக் கண்டு ஒதுங்கியவர்கள் இப்போது அவளோடு ஜோடி சேர முண்டியடித்தார்கள். கறுப்பு பெல்ட்டை அடித்துவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சொல்லலாம் அல்லவா? சின்னப் பிள்ளைகள் அவள் காதுபடவே குசுகுசுத்தார்கள். "சுவர் அக்காவுக்கு உடம்பு சரியில்ல போல." அவள் மென்று விழுங்கிக்கொண்டாள்.

மென்று விழுங்கியதெல்லாம் வேலையிடத்தில் வெளியே வந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். இப்படி மாட்டிக்கொள்கிறவர்களிடம் பேசுவதில் அவள் கெட்டிக்காரி. "இதோ வந்துட்டேன் சார், பயப்படாதீங்க, கதவை மட்டும் தொடாதீங்க" என்று இன்டர்காமில் அவள் சொல்கிற குரலைக் கேட்டாலே பாதிப் பேருக்குப் படபடப்பு அடங்கிவிடும். அன்றைக்கு அந்த மனிதர் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார். கேஸ் போடுவேன், கம்பெனியை மூடவைப்பேன் என்றார். அவளுக்குத் தலைக்கேறியது.

"கொஞ்சம் சும்மா இருய்யா! தட்டினா திறந்துடுமா? தட்டிக்கிட்டே இரு, நான் சாப்பிட்டுட்டு வர்றேன்!"

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இத்தனை வருஷத்துல உங்க பேர்ல ஒரு புகார் வந்ததில்ல. என்னம்மா ஆச்சு?" அவள் என்னவென்று சொல்வாள்? கராத்தேயில் முன்னே போக வரவில்லை என்றா? மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் இன்னொரு கூத்து. எதிலும் முதலில் இறங்கிப் பழக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரணமே இல்லாமல், கணவருடைய செருப்பு வாசலில் கோணலாகக் கிடக்கிறது என்று அவளாகவே சண்டையைத் தொடங்கினாள். நாலு வார்த்தைக்கு மேல் போகத் தெரியவில்லை. செருப்பிலிருந்து எங்கே போவது என்று புரியாமல் நடுவழியில் நின்றாள். கணவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"ஆரம்பிக்கத் தெரியலன்னா விட்டுடும்மா. நான் வேணும்னா எதையாவது உளறட்டுமா?"

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அழுகை முட்டியது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகுதான், யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல், ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறை. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அவளை அறிந்தவர்கள் யாரும் இல்லை. சண்டைக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றாள். வழக்கம்போல, பழையபடி. வந்தவர்களெல்லாம் வரிசையாக வந்து விலாவில் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த மாஸ்டர் மூக்கின் மேல் விரல் வைத்தார். "இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். கைதட்டினார்கள். பல மாதங்களாகக் கேட்காத அந்தச் சத்தம், வெயிலில் அலைந்துவிட்டு வந்தவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைத்த மாதிரி இறங்கியது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது தடவையும் போனாள். கைதட்டல் அதேபோல் இருந்தது. சந்தோஷம் பாதியாக இருந்தது. மூன்றாவது தடவை, எதிரே ஒரு வாட்டசாட்டமான பெண் குதித்துக் குதித்து வந்துகொண்டிருக்க, அவள் மனசு வேறெங்கோ இருந்தது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவுச் சக்கரம் தேய்ந்திருந்ததே, மாற்றச் சொன்னோமா, இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசனை முடிவதற்குள் "புள்ளி!" என்று யாரோ கத்தினார்கள். பார்த்தால், ஜெயித்திருந்தாள். கை தானாக ஜெயித்துக்கொண்டிருந்தது. அவள் அங்கே தேவைப்படவேயில்லை.

அது அவளைப் பயமுறுத்தியது. தோற்றபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. உடை மாற்றாமல், மேலே ஒரு சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பி, நேராக டயர் கடை மாடிக்கு வந்தாள். மாஸ்டர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற இடத்துக்குப் போய்ட்டிருந்தேன் மாஸ்டர்" என்று அவளாகவே சொன்னாள்.

"கேள்விப்பட்டேன். அங்க உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்களாமே? அப்புறம் ஏன் வந்தீங்க?"

"போரடிக்குது."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவள் வேறு மாதிரி முனைந்தாள். வேலைக்குப் போகிற கட்டடங்களின் மோட்டார் அறைகளே அவளுக்குப் பயிற்சிக்கூடம் ஆயின. வேலை முடிந்ததும், இரும்புக் கயிறுகளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் முன்னே பாய்ந்து பார்ப்பாள். வரவில்லை. கிளம்பலாம் என்று மூளை நினைப்பதற்கும் கால் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவள் வரப்போவதை எதிரி கண்டுகொள்கிறாள்.

ஒருநாள் தரையில் சிந்தியிருந்த கிரீஸில் முன்னங்கால் வழுக்கியது. விழப்போகிறோம் என்று தெரிவதற்குள் உடம்பு முன்னே போய்விட்டது. கை எட்டி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அந்தக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். தோள் உயரவில்லை. பின்னங்கால் ஒட்டவில்லை. முடிவெடுப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இத்தனை நாளும் தரையை உதைத்துக் கிளம்ப முயன்றிருக்கிறாள். உதைக்க வேண்டியதில்லை, முன்னே வைத்த காலின் முழங்காலைத் தளர்த்தி, முன்னே விழுந்தால் போதும்.

கிரீஸைத் துடைத்துவிட்டு, விழுந்து விழுந்து பார்த்தாள். பத்தில் ஒன்று சரியாக வந்தது. அந்த ஒன்று அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட முழங்கால் தானாகத் தளர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் மயக்கம் வருகிறதோ என்று தாங்கிப் பிடிக்க வந்தார். பார்லர் பெண்ணிடம் வாங்கிய குத்துகள் மெல்லக் குறைந்தன. முதல் தடவை இவளுடைய குத்து அவள் நெஞ்சில் விழுந்தபோது, "அக்கா! நீங்க வந்ததே தெரியலக்கா!" என்று அந்தப் பெண் துள்ளினாள். குத்தியவளைவிட வாங்கியவளுக்குத்தான் அதிக சந்தோஷம்.

அந்த நேரத்தில் மூன்றாம் டான் தேர்வு வந்தது. போங்க என்றோ வேண்டாம் என்றோ மாஸ்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெயர் கொடுத்தாள்.

தேர்வாளர்கள் வெளியூர்க்காரர்கள். எதிரி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டுகிற கட்டா எல்லாம் நன்றாகவே செய்தாள். சண்டைக்கு வந்தவள் நெட்டையாக, கை நீளமாக, வேகமாக இருந்தாள். ஆனால் பொறுமை இல்லாதவள். நின்றிருந்தால் போதும், தானாக வந்து விழுந்திருப்பாள். இவளுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்தும் முன்னே போனாள். வாங்கினாள். மறுபடி போனாள். மறுபடி வாங்கினாள். புள்ளிகள் ஏறிக்கொண்டே போக, பின்னங்கால் குதிகால் தானாக எழும்பியது. பழைய இடத்துக்கு, அரை அடி பின்னால், அந்தச் சுகமான இடத்துக்குப் போகச் சொல்லி உடம்பு கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே விழுந்தாள். அந்த ஒரு குத்து மட்டும் சுத்தமாக, எதிரி இமைப்பதற்குள் போய் விழுந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

தேர்ச்சி இல்லை என்றார்கள். பார்லர் பெண்தான் தேம்பித் தேம்பி அழுதாள். கணவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பழைய மாதிரி நின்னிருந்தா கிடைச்சிருக்கும் இல்ல?"

"கிடைச்சிருக்கும்."

"தெரிஞ்சேதான் அப்படிப் பண்ணியா?"

அவள் பையை அவரிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்த சில நாள்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். செய்தது தப்பா சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கு இல்லாத ஒன்றைத் தேடிப்போய், இருந்ததையும் தொலைத்துவிட்டோமோ என்று இருந்தது. மகள்கூட அந்த வாரம் அவளிடம் வாலாட்டவில்லை.

ஒரு காலையில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், மாஸ்டர் போன் செய்தார். கூடத்துக்குக் கொஞ்சம் வர முடியுமா என்றார். போனாள். தேர்வைப் பற்றிப் புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு போனாள். அவர் காலி பாயின் நடுவில் நின்றுகொண்டு, பெல்ட்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் நாலாம் டானுக்கு ரெண்டு தடவை போய்த் தோத்துட்டேன். இங்க யாருக்கும் தெரியாது."

அவர் பெல்ட்டின் நுனியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு நிக்க வராது. எதிராளி வர்ற வரைக்கும் பொறுக்க முடியல. நானா போய் மாட்டிக்கிறேன். நீங்க நிக்கிறதை வந்த நாள்லேருந்து பார்த்துட்டிருக்கேன். அது எப்படின்னு எனக்குச் சொல்லிக்கொடுக்கறீங்களா?"

"அப்ப அன்னிக்கு என்கிட்ட சொன்னது? ஒண்ணுதான் பண்றீங்கன்னு?"

"எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். நானும் ஒண்ணுதான் பண்றேன்."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே மாஸ்டர்!" கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒரு வருஷமா தூங்காம, வர்றவங்ககிட்டயெல்லாம் எரிஞ்சு விழுந்துக்கிட்டுத் திரியறேன்!"

"மாஸ்டர்னு ஒரு பேரு இருக்கே அக்கா. வாய் வரல."

அவள் அவரை முறைத்தாள். பிறகு பையை ஓரமாக வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். "வாங்க. இப்படி வந்து நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

அவர் நின்றார். இரண்டு மூச்சு விடுவதற்குள் பாய்ந்துவிட்டார்.

"கால் அரிக்குதா மாஸ்டர்? நில்லுங்கன்னா நில்லுங்க!"

அதிலிருந்து வாரத்தில் சில காலைகள், கீழே டயர் கடை ஷட்டர் திறப்பதற்கு முன்பு, இரண்டு பேரும் மேலே இருந்தார்கள். அவள் முன்னே விழுந்து தாக்குவாள். அவர் நிற்கப் பழகுவார். அவர் ஏன் என்று கேட்கிற ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு விளக்கம் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷம் செய்ததை ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்ல முடியாமல் திணறி, கடைசியில் "தோளைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க" என்று ஒருநாள் சொன்னபோதுதான், தான் அதைத்தான் பார்க்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர் சில நாள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவள் சில நாள் வராமலே இருந்தாள். மறுபடி வந்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு மூன்றாம் டான் கிடைத்தது. அன்றைக்குச் சண்டையில் இரண்டு தடவை முன்னே போனாள், ஒரு தடவை நின்றாள். எப்போது எதைச் செய்தோம் என்று பிறகு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. மாஸ்டர் அதே பருவத்தில் மூன்றாவது முறையாகத் தோற்றார். முதல் சுற்று முழுக்கக் கல்லாக நின்றாராம்; இரண்டாவது சுற்றில் பொறுக்க முடியாமல் பாய்ந்துவிட்டாராம். அவள் போனில் வறுத்தெடுத்தாள். "திங்கட்கிழமை காலையில வந்து சேருங்க" என்று கட்டளை போட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அவளுக்கு மூன்றாம் டான் கிடைத்த அன்று, தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, முன்னாலேயே இறங்கி வந்திருந்த கணவர் வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் பைக்கோடு காத்திருந்தார். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இப்பவாவது நிம்மதியா?"

அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். மாட்டவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த சந்தில் இடது காலை முன்னால் வைத்து ஒருமுறை நகர்ந்து பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி நகர்ந்தாள்.

"ஏங்க, இடது பக்கமா போறப்ப ஒரு நூலிழை லேட்டாகுது. உள்ளயும் அப்படித்தான் இருந்துச்சு. பார்த்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் அவள் இன்னும் ஒருமுறை இடது பக்கமாக நகர்ந்து பார்த்தாள்.